கவிழ்ந்த படகுக்குள் கொஞ்சம் காற்று

இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாகத் தாடி குருவுக்கு இருக்கும். இந்தக் கதையில் அது சீடருக்கு.

சீடரின் பெயர் வேதமாணிக்கம். வயது நாற்பத்தாறு. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சாரணர் படைக்கும் அவரே பொறுப்பு. குருவின் பெயர் பர்வீன். வயது முப்பத்திரண்டு. சென்னையிலிருந்து வந்து, மலையடிவாரத்து அணை ஒன்றில் துடுப்புப் படகுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வேதமாணிக்கம் சாரணர் வழக்கப்படி இடது கையை நீட்டினார். பர்வீன் அந்தக் கையை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் இடது கையால் குலுக்கினார். பிறகு அதே கையில் ஒரு துடுப்பைக் கொடுத்தார்.

சனிக்கிழமை எட்டுப் பையன்கள் வரப்போகிறார்கள். படகோட்டும் பேட்ஜ் வாங்க வேண்டும். அதற்கு லைஃப் ஜாக்கெட்டை ஒழுங்காக மாட்டத் தெரிய வேண்டும், நேராகத் துடுப்புப் போட வேண்டும், சொன்ன இடத்தில் திருப்ப வேண்டும். கடைசியாக, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விழுந்து, படகைப் பிடித்தபடி மேலே வந்து காட்ட வேண்டும். பையன்கள் இறங்குவதற்கு முன் அவர்களுடைய ஆசிரியர் இதையெல்லாம் செய்திருக்க வேண்டும் என்பது பர்வீன் வைத்திருந்த சட்டம். ஆசிரியர் செய்யாவிட்டால் பையன்கள் கரையில் உட்கார்ந்து தண்ணீரை வேடிக்கை பார்த்துவிட்டு ஊருக்குப் போகலாம். அதனால்தான் வேதமாணிக்கம் முன்கூட்டியே வந்திருந்தார்.

அவருக்கு நீச்சல் தெரியும். சின்ன வயதில் கிணற்றில் கற்றது. அவருடைய பயம் தன்னைப் பற்றியதல்ல.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு, அந்த எட்டுப் பேரில் ஒருவனான ஜெனிஷின் அம்மா வந்திருந்தாள். பீடி சுற்றுகிறவள். புருஷன் இல்லை. 

“ஒத்தப் பிள்ளை சார். ஒங்க கையிலதான் குடுக்கேன்.”

“நான் பாத்துக்கிடுதேன்மா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறியவர்தான். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

அணைக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே கரையில் நின்று அவர் கேட்டார்:

“மேடம், ஒரு கேள்வி. படகு கவுந்தா பிள்ளேள் நம்ம கைய விட்டுப் போயிராம இருக்க என்ன செய்யணும்?”

“தண்ணிக்குள்ள சொல்றேன்” என்றார் பர்வீன்.

அவர் சொன்னது வேறு சில. படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். மனுஷன்தான் களைத்துப்போவான். அதனால் கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் படகை விடக்கூடாது.

“படகுக்கு அடியில மாட்டிக்கிட்டா?”

“உள்ள கொஞ்சம் காத்து இருக்கும். பதறாம மூச்சு விடலாம். நான் வெளியேருந்து படகைத் தட்டுவேன். நீங்க நல்லா இருந்தா உள்ளேருந்து பதிலுக்குத் தட்டணும்.”

பர்வீனுடைய ஜாக்கெட்டில் நெஞ்சுக்கு மேல் ஒரு சிறிய கத்தி செருகியிருந்தது. வேதமாணிக்கத்தின் கண் அதன்மேலேயே இருந்தது.

“கத்தி எதுக்கு மேடம்?”

“இதுவரைக்கும் எதுக்கும் தேவைப்படல.”

இந்தப் பதில் அவருடைய பயத்துக்கு இன்னும் கொஞ்சம் தீனி போட்டது.

முதல் முறை கவிழ்த்தது வியாழக்கிழமை காலையில். ஆளுக்கொரு படகில் நடுத் தண்ணீருக்குப் போனார்கள். பர்வீன் தலையசைத்தார். வேதமாணிக்கம் ஏசுவை நினைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். படகு புரண்டது. தண்ணீர் மூக்கில் ஏறியது. மேலே வந்ததும் கண்ணில் பட்டது கரை. கிணற்றில் நீந்தக் கற்றவனுக்குப் படிக்கட்டுத்தான் முதலில் தெரியும். கையையும் காலையும் போட்டு அடித்து ஒரே மூச்சில் கரைக்கு வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்ததில் அவருக்கு உண்மையாகவே பெருமை. திரும்பிப் பார்த்தார். மலைக்காற்றில் அவருடைய படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

பர்வீன் அதைப் பிடித்துக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார்.

“நீங்க கரைக்கு வந்துட்டீங்க சார். சந்தோஷம்.”

வேதமாணிக்கம் மூச்சு வாங்கினார்.

“உங்க படகுல கூட ஒரு பையன் இருந்திருந்தா, அவன் இப்போ எதைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான்?”

 சாயங்காலம் வரை அவர் அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்கு ஜெனிஷின் முகம்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு முடிச்சு சார் என்று பெயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் முடிச்சுப் போடுவார். ஒரு கையால் போடுவார். அவர் கட்டிய கூடாரம் புயலுக்கும் அசைந்ததில்லை. பெல்ட்டில் எப்போதும் ஒரு சுருள் நைலான் கயிறு தொங்கும். மற்றவர்கள் கவலை வந்தால் வெற்றிலை போடுவார்கள், டீ குடிப்பார்கள். இவர் கயிற்றை எடுத்துவிடுவார்.

அன்று சாயங்காலம் டென்ட்டுக்குள் உட்கார்ந்து கயிற்றை எடுத்தார். ஒரு கை நீளத்துக்கு எட்டுத் துண்டுகள் வெட்டினார். பிரிந்துவிடாதபடி ஒவ்வொரு முனையையும் தீக்குச்சியால் சுட்டு உருட்டினார். பிறகு ஒன்பதாவதாக ஒன்று. அது தனக்கு. ரொம்ப நேரத்துக்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசானது. இரண்டு சப்பாத்தி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

“இன்னைக்குப் படகை விட மாட்டீங்களே சார்?”

“விடமாட்டேன் மேடம். நிச்சயமா விடமாட்டேன்.”

அவர் குரலில் இருந்த உறுதி பர்வீனுக்குப் புதிதாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கயிறு ஜாக்கெட்டுக்குள் இருந்தது. ஒரு முனை அவருடைய பெல்ட்டில். படகில் ஏறி உட்கார்ந்ததும், குனிந்து எதையோ சரிசெய்வதுபோல் மறு முனையைப் படகின் குறுக்குச் சட்டத்தில் கட்டினார். அவருக்குத் தெரிந்ததிலேயே நல்ல முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுவது.

நடுத் தண்ணீர் வந்தது. குருவின் படகு பத்தடி தள்ளி நின்றது. பர்வீன் தலையசைத்தார். வேதமாணிக்கம் சாய்ந்தார்.

படகு புரண்டது. அவர் வெளியே விழுந்தார். விழுந்தவரைக் கயிறு திருப்பி இழுத்தது. சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இன்னும் குட்டையாகிவிட்டது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியவில்லை. ஜாக்கெட் அவரை மேலே தூக்கியது. மேலே தூக்கியது என்றால் படகுக்கு உள்ளே. தலை எதிலோ இடித்தது. வாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை, காற்று வந்தது.

இருட்டு. கீழேயிருந்து மட்டும் பச்சையாகக் கொஞ்சம் வெளிச்சம். அவருடைய மூச்சு அவருக்கே பெரிதாகக் கேட்டது.

முடிச்சைத் தேடினார். கிடைத்தது. நகத்தால் நெம்பினார். நனைந்த கயிறு, அவருடைய எடை முழுவதும் அதில் தொங்கியது. அசையவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுகிற முடிச்சை அவருக்கு அவிழ்க்க வரவில்லை. மறுபடியும் நெம்பினார். நகம் பெயர்ந்தது.

அப்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டது. டொக், டொக்.

பதிலுக்குத் தட்ட வேண்டும் என்பது நினைவு வர அவருக்குக் கொஞ்சம் நேரமானது. நல்லா இருந்தால்தானே தட்டணும், நான் நல்லாவா இருக்கேன் என்ற சந்தேகமும் வந்தது. கணக்கு வாத்தியார் இல்லையா. கடைசியில் முஷ்டியால் ஓங்கித் தட்டினார்.

வெளியே அமைதி. அடுத்த நொடி பக்கத்தில் தண்ணீர் குமிழியிட்டது. பர்வீனின் தலை உள்ளே வந்தது.

இரண்டு பேரும் கவிழ்ந்த படகுக்குள் எதிரெதிரே மிதந்தார்கள்.

“எப்படி இருக்கீங்க சார்?”

“இருக்கேன் மேடம்.”

“ஏன் வெளிய வரல?”

“வர முடியல.”

“கால் மாட்டிக்கிச்சா?”

 பர்வீன் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். கை கயிற்றில் பட்டு நின்றது.

“இது யார் கட்டினது?”

“நான்தான்.”

“அவிழுங்க.”

“பாத்துட்டேன். அவுழல.”

“உங்க முடிச்சுதானே?”

“அதான் அவுழல.”

மேலே காற்று படகை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தது. அவர்களும் கூடவே திரும்பினார்கள்.

“எதுக்குக் கட்டினீங்க?”

“படகை விடக்கூடாதுன்னு சொன்னீங்கல்லா மேடம்.”

“பிடிச்சுக்கச் சொன்னேன்.”

பர்வீன் நெஞ்சிலிருந்து கத்தியை உருவினார். வேதமாணிக்கம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம். டென்ட்டுல இன்னும் எட்டு இருக்கு.”

“என்ன எட்டு?”

“கயிறு.”

 அந்தச் சின்ன இடத்தில் இரண்டு பேருடைய மூச்சு மட்டும் கேட்டது.

“பையன்களுக்கா?”

“ஆமா.”

அதைச் சொன்னதும் எட்டுப் பேரும் அவர் கண்முன் வந்தார்கள். இதே இருட்டில், இதே முடிச்சில், சின்னச் சின்ன விரல்களால் நெம்பிக்கொண்டு. வேதமாணிக்கம் அழுதார். சுற்றிலும் தண்ணீராக இருப்பதால் தெரியாது என்று நினைத்தார். படகுக்குள் எல்லாச் சத்தமும் இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டார்.

“அவங்க அம்மாமாரு எங் கையில குடுத்திருக்காவ மேடம். கைய விட்டுப் போயிராம இருக்க என்னதான் செய்யணும்? அன்னைக்கே கேட்டேன். தண்ணிக்குள்ள சொல்றேன்னீங்க. இப்ப தண்ணிக்குள்ளதான் இருக்கோம்.”

“மூச்சை நல்லா இழுங்க” என்றார் பர்வீன். “குனிஞ்சு வெளிய வாங்க. ஒரு கை படகுமேலயே இருக்கட்டும்.”

கயிறு அறுந்தது.

வெளியே வெயில் அப்படியே இருந்தது. ஒரு நீர்க்காகம் மரக்கிளையில் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. வேதமாணிக்கம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். திட்டு விழும் என்று காத்திருந்தார். பெரிய திட்டாக விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

பர்வீன் படகை நிமிர்த்தித் தண்ணீரை வடித்தார். ஏறச் சொன்னார்.

“கரைக்கா மேடம்?”

“இல்ல. மறுபடியும் கவிழ்த்துங்க.”

இந்த முறை நடுங்கிக்கொண்டே கவிழ்த்தார். மேலே வந்ததும் கண் கரைக்குத்தான் போனது. கை போகவில்லை. படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்.

“சரி” என்றார் பர்வீன். அவ்வளவுதான் பாராட்டு.

பொழுது சாய்ந்தபோது அங்கிருந்த நான்கு படகுகளையும் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மலைப் பக்கம் மேகம் கூடியது.

“காத்து அடிக்கும் போலிருக்கு. படகுங்களைக் கட்டணும். கயிறு இருக்கா சார்?”

அவர் டென்ட்டுக்குப் போனார். எட்டுத் துண்டுகளையும் கொண்டுவந்தார். ஒரு படகுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கட்டைகளில் கட்டினார். பர்வீன் ஒரு கயிற்றின் தொங்கும் முனையைப் பிடித்துச் சும்மா இழுத்துப் பார்த்தார். முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது.

“இது என்ன முடிச்சு?”

“இழுத்தா அவுந்துரும் மேடம்.”

“மத்தியானம் இது ஞாபகம் வரலியா?”

“வந்துது. நம்பிக்கை வரல.”

பர்வீன் அவிழ்ந்த முனையை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் மறுபடியும் கட்டினார், அதே முடிச்சாக.

சனிக்கிழமை பையன்கள் வந்தார்கள். வேனிலிருந்து இறங்கும் முன்பே கரை முழுவதும் அவர்கள் சத்தம். ஸ்கார்ஃப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை மாட்டிக்கொண்டார்கள். வேதமாணிக்கம் ஒவ்வொரு ஜாக்கெட்டையும் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஜெனிஷின் ஜாக்கெட்டை இரண்டு முறை பார்த்தார்.

“சார், பக்கிள் நல்லாத்தான் மாட்டிருக்கு” என்றான் ஜெனிஷ்.

“தெரியும்லே. நில்லு.”

பதிலுக்குத் தட்டுவதைப் பற்றி அவரே பையன்களுக்கு விளக்கினார். தன் கதையையும் சொல்லிவிட்டார். முடிச்சு சார் தன் முடிச்சிலேயே மாட்டிக்கொண்டதைக் கேட்டு எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

காலையெல்லாம் துடுப்புப் போட்டார்கள். பிறகு, நெஞ்சளவுத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் படகுகள் வந்தன. இரண்டிரண்டு பேராகக் கவிழ்க்க வேண்டும். வேதமாணிக்கம் தண்ணீரில் இறங்கி நின்றார். பர்வீன் சற்றுத் தள்ளித் தன் படகில் இருந்தார்.

முதல் ஜோடியில் ஜெனிஷ் இருந்தான்.

“சார், ரெடி!”

வேதமாணிக்கம் தலையசைக்க வேண்டும். தலை அசையவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்ற முகம் வந்துவிட்டது. பர்வீன் காத்திருந்தார், அவருக்காகத் தலையசைக்கவில்லை. பையன்கள் காத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

படகு புரளும் சத்தம். தண்ணீர் முகத்தில் தெறித்தது.

கண்ணைத் திறந்தபோது கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில் ஒரு தலை இருந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தது. அது ஜெனிஷ் இல்லை.

“ஜெனிஷ் எங்கலே?”

அந்தப் பையன் இங்கேயும் அங்கேயும் பார்த்தான்.

வேதமாணிக்கம் தண்ணீரைப் பிளந்துகொண்டு படகை நெருங்கினார். விளிம்புக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

“மேடம், தூக்கிரட்டுமா?”

“தட்டுங்க சார்.”

“மேடம்…”

“தட்டுங்க.”

தூக்கினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் கைகள் விளிம்பை விட மறுத்தன. ஒரு கையை எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார். படகின் முதுகில் தட்டினார். டொக், டொக்.

சத்தம் இல்லை.

 மறுபடியும் தட்டினார். உள்ளங்கையை அப்படியே படகின்மேல் வைத்துக்கொண்டு காதைச் சாய்த்தார். கரையில் இருந்த பையன்களும் சத்தத்தை நிறுத்தியிருந்தார்கள்.

அப்போது உள்ளேயிருந்து வந்தது. டொக் இல்லை. டக் டக் டக்டக்டக். டக் டக் டக்டக்டக். முகாம்களில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து யாரையாவது பாராட்டும்போது சாரணர்கள் போடும் கைதட்டு. முழுவதுமாகப் போட்டு முடித்தான். கடைசித் தட்டுக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

கரையில் ஓவென்று சிரிப்பு எழுந்தது.

“உள்ள செமையா இருக்கு சார்!” என்று படகின் வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. “என் சத்தம் எனக்கே கேக்கு!”

“வெளிய வாலே” என்றார் வேதமாணிக்கம். அதட்டலாகச் சொல்ல நினைத்தார். குரல் உடைந்துவிட்டது.

“இன்னும் கொஞ்ச நேரம் சார்!”

அவர் திரும்பிப் பர்வீனைப் பார்த்தார்.  கோபமா, சிரிப்பா, அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை.

“மேடம், வந்த நாள்லருந்து ஒரே கேள்வியக் கேக்கேன். தண்ணிக்குள்ள சொல்றேன், தண்ணிக்குள்ள சொல்றேன்னு இழுத்தடிக்கீங்க. பிள்ள கைய விட்டுப் போயிராம இருக்க என்ன செய்யணும்?”

பர்வீன் துடுப்பை மடியில் வைத்தார்.

“இப்போ உங்க கை எங்க இருக்கு சார்?”

வேதமாணிக்கம் குனிந்து பார்த்தார். கை படகின் முதுகில் இருந்தது. எதையும் பிடிக்காமல், விரல்கள் விரிந்து, தட்டியபோது வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு நேர் கீழே ஜெனிஷ் மறுபடியும் கைதட்டு போட ஆரம்பித்திருந்தான்.

 அவர் கையை எடுக்கவில்லை.